தலைக்கு நூறு வாட்

செக்கருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. அது அவர் குற்றமில்லை, உத்தியோகம் அப்படி. நகரப் பேருந்துகளில் ஏறி இறங்கிப் பயணச்சீட்டுப் பரிசோதிக்கிறவர். டிக்கெட் வாங்காதவன் ஜன்னலுக்கு வெளியே ஏதோ அதிசயம் நடப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பான் என்பது அவருடைய வாழ்நாள் கண்டுபிடிப்பு. அதனால் இயற்கைக் காட்சியை ரசிக்கிற எவரைக் கண்டாலும் அவர் கை தானாக நீண்டுவிடும். கல்யாணமான புதிதில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்தபோது அவளிடமே டிக்கெட் கேட்டுவிட்டார் என்று தெருவில் ஒரு கதை உண்டு. அதை அவர் மறுத்ததில்லை.

அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் அவர் சும்மா இருப்பாரா?

வைத்தது வீட்டு வெப்ப தட்ப நல வாரியம். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும் வெயில்காலத்தில் குளிர்விக்கவும் ஒரே கருவி. மின்சாரமோ பழைய ஹீட்டர் தின்பதில் மூன்றில் ஒரு பங்குதான். வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. தெரு முழுவதும் ஒரே வாரத்தில் பெட்டிகள் முளைத்தன.

"இது வெளிக்காத்துல இருக்கிற சூட்டை உறிஞ்சி உள்ள கொண்டுவரும் சார்" என்றார் பொருத்த வந்த பொறியாளர்.

"வெளியில வாளித் தண்ணி உறைஞ்சு கிடக்கு. அங்க ஏதுங்க சூடு?"

"கொஞ்சம் இருக்கும் சார். உங்க ஃப்ரிட்ஜ் உள்ள இருக்கிற சூட்டை எடுத்து வெளிய தள்ளுதில்ல? அதைத் திருப்பி வெச்ச மாதிரிதான் இது."

செக்கர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "சரி, அது யாரோட சூடு?" என்றார்.

பொறியாளர் பொத்தானை அழுத்தினார். உள்ளதைச் சொல்ல வேண்டும், கருவி நன்றாகத்தான் வேலை செய்தது. பின்னறையில் கதகதப்பான காற்று மெல்ல வந்து நிறைந்தது. மனைவி போர்த்தியிருந்த சால்வையை எடுத்து மடித்து வைத்தாள். நிறைமாதமாக இருந்த மகள் கம்பளிக்குள்ளிருந்து காலை வெளியே நீட்டி, விரல்களை அசைத்துப் பார்த்தாள். அவள் கணவன் கப்பலில் வேலை பார்ப்பவன், கோடை பிறந்தால்தான் கரைக்கு வருவான். குழந்தை பிறக்கப்போவதோ குளிரின் உச்சத்தில்.

"இது போதும்ப்பா. பாப்பா வந்தா இந்த ரூம்லயே வெச்சுக்கலாம்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே செக்கர் தன் சந்தேகத்தை எல்லாம் மூட்டை கட்டி வைக்கத் தயாராக இருந்தார். ஆனால் பொறியாளர் ரிமோட்டை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"அது எங்களுக்கு இல்லீங்களா?"

"வாரியத்துல இருக்கும் சார். ஆளாளுக்குக் கூட்டிக் குறைச்சா சிக்கனம் என்னாகறது?"

"எங்களுக்குக் குளிர்னா?"

"உணர்வு அலுவலர் வந்து பார்ப்பார்" என்று சொல்லிவிட்டு, பழைய ஹீட்டரையும் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சுவரில் ஒரு சின்னத் திரை மட்டும் மிச்சம். அதில் டிகிரி கிடையாது. டிகிரி காட்டினால் மக்கள் பதற்றப்படுகிறார்களாம். பச்சை எழுத்தில் 'சுகம்' என்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே கறுப்பாக, உளுந்து அளவில் ஒரு கண்.

சந்தேகம் என்பது ஜலதோஷம் மாதிரி, ஒரு வீட்டோடு நிற்காது. எதிர்வீட்டுப் பேக்கரிக்காரர் மறுநாளே வந்து, செக்கர் வீட்டுப் பெட்டியின் வாய் தன் வீட்டைப் பார்த்து இருக்கிறது என்றும், அதனால்தான் தன் வீட்டுச் சூடு குறைகிறது என்றும் முறையிட்டார். அவர் வீட்டுப் பெட்டி தன் வீட்டைப் பார்த்து இருப்பதைச் செக்கர் சுட்டிக்காட்டினார். இரண்டு பேரும் தங்கள் தங்கள் வாசலில் தகரத் தடுப்பு வைத்தார்கள். அதுவரை பன்னும் ரொட்டியும் கைமாறிய தெருவில் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

குளிர் முற்றியது. செக்கர் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அந்தப் புகைக்கு நடுவே 'சுகம்' என்ற எழுத்தைப் படித்துவிட்டு, உணர்வு அலுவலரை வரவழைத்தார்.

அலுவலர் வந்தார். இரண்டு ஸ்வெட்டர், கழுத்தைச் சுற்றி மஃப்ளர், காதை மூடிய குல்லாய், கையுறை. நடு அறையில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் மெல்லக் கண் திறந்து, "சுகமா இருக்கு" என்றார்.

"சார், அந்த ஸ்வெட்டரை ஒரு தடவை கழட்டிட்டுப் பாருங்களேன்."

"அது சீருடைங்க."

"என் கையையாவது தொட்டுப் பாருங்க. விறைச்சுக் கிடக்கு."

"உங்க கை சாட்சியாகாதுங்க. நீங்க இந்த வீட்டுக்காரர். உங்களுக்குக் குளிர்ற மாதிரி தோணும். தோணறது வேற, உணர்றது வேற. உணர்றதுக்கு நாங்க தனியா பயிற்சி எடுத்திருக்கோம்."

"எங்க எடுத்தீங்க?"

"கடற்கரையில. நல்ல வெயில்ல நிக்க வெச்சுச் சொல்லிக் குடுத்தாங்க" என்றார் அலுவலர், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

வெளியே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. தகரத் தடுப்புதான் இருந்தது. செக்கருக்குக் கை நமநமவென்று அரித்தது.

மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் சுகம். மூன்றாவது முறை அலுவலர் தானாகவே வந்தார், கையில் ஒரு கேமராவுடன்.

"நாங்க சுகம்னு சொல்லிட்டுப் போன பிறகும் நீங்க குளிருதுங்கறீங்க. வாரியத்துக்கு உங்க மேல சந்தேகம் வந்திருக்கு. இங்க எங்கயோ திருட்டுச் சூடு பழக்கம் இருக்கு. அதுக்குப் பழகிட்டதால எங்க சூடு உங்களுக்குப் பத்தலை."

சூட்டை நிறம் பிரித்துக் காட்டுகிற கேமரா அது. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், அரிசி டப்பாவுக்குள் எல்லாம் காட்டிப் பார்த்தார். எங்கும் நீலம். சமையலறைப் பக்கம் திரும்பியதும் நிமிர்ந்து நின்றார்.

"சிவப்பா ஒண்ணு நடமாடுதே, என்ன அது?"

"என் சம்சாரம் சார்."

"எப்ப இருந்து இருக்கு?"

"கல்யாணம் ஆனதிலேருந்து."

"வாரியத்துக்குத் தெரிவிச்சீங்களா?"

"ஊருக்கே தெரிவிச்சுத்தான் சார் கல்யாணம் பண்ணினோம்."

அலுவலர் பொறுமையாக விளக்கினார். ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே நூறு வாட் பல்பு விடுகிற அளவு சூடு விடுகிறார். அது கணக்கில் வராத சூடு. சுவரில் இருக்கிற கண் ஆட்களை எண்ணும். தலைக்கு நூறு வாட் வீதம் கருவி தன் சூட்டைக் குறைத்துக்கொள்ளும். அதுதான் சிக்கனத்தின் சூட்சுமம். ஆனால் எல்லா ஆளும் ஒரே தரமாக இருக்க முடியாதல்லவா? அதற்காக நட்சத்திர முத்திரை கொண்டுவந்திருந்தார். மனைவியின் தோளில் ஐந்து நட்சத்திரம் ஒட்டினார்.

"அம்மா கம்மியா சாப்பிடறாங்க, நாள் பூரா நிக்காம வேலை செய்யறாங்க. குறைஞ்ச எரிபொருள், நிறைஞ்ச வெப்பம். இந்தத் தெருவுலயே இவங்கதான் முதல் தரம்."

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஒரு கணம் அவள் முகம் மலர்ந்தது. எதற்காகப் பாராட்டு என்று புரிந்ததும் செக்கரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆயிரம் வாட் இருந்தது, கேமரா அதைப் பதியவில்லை. செக்கருக்கு இரண்டு நட்சத்திரம்: சாப்பாடு அதிகம், அசைவு குறைவு. மகளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஒரே உறைக்குள்ள ரெண்டு கருவி இருக்கு. முடிவை நிறுத்தி வெச்சிருக்கோம்" என்றார்.

அதன் பிறகுதான் விபரீதம் விளங்கியது. ஒருநாள் மனைவியும் மகளும் மருத்துவமனைக்குப் போயிருந்த நேரம், செக்கர் வேலை முடிந்து வந்து பூட்டைத் திறந்தார். வீடு சூடாக இருந்தது. பொருத்திய நாள் இருந்த அதே கதகதப்பு. ஆஹா என்று அவர் நடு அறைக்கு வந்ததும் கண் அவரைப் பார்த்தது. கருவி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். உள்ளே மறுபடி ஓடத் தொடங்கியது. திடீரென்று திறந்தார். நின்றது.

பேருந்தில் அவர் ஏறியதும் கூட்டத்துக்குள் குனிந்து பதுங்குகிறவர்கள் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறார். அந்த வித்தைகளெல்லாம் அவருக்கு அத்துபடி. இப்போது அவரே தரையில் முட்டி போட்டு, கண்ணின் பார்வைக்குக் கீழே தவழ்ந்து பின்னறைக்குப் போனார்.

"என்னங்க, என்ன தொலைச்சீங்க?" என்று கேட்டபடி மனைவி உள்ளே வந்தாள்.

"சத்தம் போடாத. குனிஞ்சு வா. பார்க்குது."

ஐந்து நட்சத்திரம் குனியத் தயாராக இல்லை. நேராகப் போய் ஒரு போர்வையை எடுத்துக் கண்ணை மூடினாள். அரை மணி நேரத்தில் அலுவலர் வாசலில் நின்றார். "வாரியத்தோட கண்ணை மறைச்சது யாரு?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். செக்கர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்ததும் அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. மருத்துவமனையில் இருந்தவரை ரோஜா நிறத்தில் இருந்தது. துணியில் சுற்றிப் பின்னறைக்குக் கொண்டுவந்து படுக்க வைத்ததும் கண் அதைப் பார்த்தது. கருவி பெருமூச்சுகூட விடாமல் 'டக்' என்று மொத்தமாக நின்றது. திரையில் 'மிகச் சுகம்' என்று எழுத்து மாறியது.

அலுவலர் வந்து பார்த்து, சரிதான் என்றார்.

"புதுசா வந்ததுக்கு உற்பத்தித் தேதி போன வாரம்தான். புதுக் கருவி முழுத் திறன்ல ஓடும்ங்கறது விதி. இப்ப உங்க வீட்டுக்கு மிஷினே தேவையில்லைங்க. பெருமைப்படணும் நீங்க."

"சார், இது கைக்குழந்தை. ஒரு சாண் இருக்கு. இதா வீட்டைச் சூடாக்கும்?"

"விதியில அளவு சொல்லலைங்க."

அவர் போன பிறகு மகள் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்து, "அப்பா, ஐஸா இருக்குப்பா" என்றாள். மனைவி குழந்தையை வாங்கித் தன் நெஞ்சோடு சேர்த்து, மேலே இரண்டு சால்வை போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். முத்திரைக்கு ஏற்றபடி அவள் உடம்புதான் அன்றைக்கு அந்த வீட்டில் ஓடிய ஒரே கருவி. செக்கருக்குப் பயம் வந்தது. கோபம் வருவதற்கு முன் வருகிற பயம். அதுவரை அவர் வாரியத்தைச் சந்தேகப்பட்டிருந்தாரே தவிர, வெறுத்ததில்லை.

"கிளம்புங்க. குழந்தையைக் கொண்டுபோய் அவங்க மேஜை மேலயே வெச்சிடலாம். தொட்டுப் பார்க்கட்டும்" என்றார்.

வாரிய அலுவலகத்தின் புகார்க் கூடத்துக் கதவைத் திறந்ததும் மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். உள்ளே வெயில்காலம். சுவர் நெடுக ஊரிலிருந்து எடுத்து வந்த பழைய ஹீட்டர்களை வரிசையாக அடுக்கி, அத்தனையையும் எரியவிட்டிருந்தார்கள்.

"பரிசோதனையில இருக்குங்க. மக்கள் இவ்வளவு காலம் எந்த மாதிரிச் சாதனத்தை வெச்சுக் கஷ்டப்பட்டிருக்காங்கன்னு ஆராய்ச்சி பண்றோம்" என்றார் எழுத்தர், அரைக்கைச் சட்டையில், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சிறிது நேரத்தில் குழந்தை இறுக மூடியிருந்த கையை விரித்தது. கொட்டாவி விட்டது. கன்னத்தில் நிறம் திரும்பியது. மகள் அதைப் பார்த்துக்கொண்டே சத்தமில்லாமல் அழுதாள். அப்போது எழுத்தர் அவர்கள் முறை வந்துவிட்டதாகக் கூப்பிட்டார். எழுந்த செக்கரின் சட்டையைப் பிடித்து மனைவி உட்கார வைத்தாள்.

"பேசாம இருங்க. தீர்த்து வெச்சுட்டோம்னு சொல்லிட்டாங்கன்னா நாம வீட்டுக்குப் போகணும்."

செக்கர் வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் முறையை விட்டுக்கொடுத்தார். மறுநாள் கதவு திறக்கும்போதே பாத்திரம், துணி, பால் ஃப்ளாஸ்க் சகிதம் வந்தார்கள். அங்கே பேக்கரிக்காரர் அவர்களுக்கு முன்பே வந்து, பிசைந்த மாவை ஈரத்துணி போட்டு மூடி ஹீட்டர் பக்கத்தில் பொங்க வைத்திருந்தார். செக்கரைப் பார்த்து முதலில் முகத்தைத் திருப்பினார். பிறகு குழந்தையைப் பார்த்து மாவை ஒரு சாண் நகர்த்தி இடம் விட்டார். அந்த வாரத்துக்குள் தெருவே கூடத்துக்குக் குடி வந்துவிட்டது. ஆனால் ஒரு விதி இருந்தது: புகார் இருக்கிறவர்தான் உள்ளே உட்காரலாம். ஆகவே எல்லாரும் புகாரைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்படிக் கூட்டம் அலைமோதுகிற செய்தி வாரியத் தலைவர் காதுக்கு எட்டியது. பத்திரிகைக்காரர்கள் சூழ அவரே வந்தார். படம் எடுக்க வெளிச்சம் வேண்டும் என்று இரண்டு பேர் பெரிய கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்கள். பனிக்காற்று நேராக உள்ளே வந்தது. தலைவர் வாசலில் நின்றே பேசினார்.

"பெருமக்களே! மற்ற அலுவலகங்களுக்கு மக்கள் குறையோடு வருகிறார்கள். நம் அலுவலகத்துக்கு மட்டும்தான் குறையே சொல்லாமல் காலை முதல் மாலை வரை அமர்ந்திருக்கிறார்கள். இதுவல்லவோ நம்பிக்கை! உங்கள் வீடுகள் இப்போது காலியாக இருக்கின்றன. காலியான வீட்டை நம் கருவி போல் கவனித்துக்கொள்ள உலகத்தில் எதனாலும் முடியாது. ஆரம்பத்திலிருந்தே எங்கள் திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது. அது நீங்கள்தான். அந்த ஓட்டையை நீங்களே முன்வந்து அடைத்துவிட்டீர்கள். அடுத்த கட்டமாக, பிறப்பதற்கு முன்பே ஒவ்வொருவரின் வெப்பத்தையும் மதிப்பிட்டு, பிறக்கலாமா என்று ஆலோசனை வழங்கும் பிரிவு ஒன்றையும் தொடங்கவிருக்கிறோம்!"

கைதட்டினார்கள். குளிருக்குக் கையைத் தட்டுவது நல்லதுதான். தலைவர் மகிழ்ந்துபோய், முன்வரிசையில் இருந்த செக்கரை நோக்கி விரலை நீட்டினார்.

"பெரியவர் சொல்லுங்க. உங்களுக்கு ஏதாவது புகார் இருக்கா? தயங்காம சொல்லுங்க."

இருக்கிறது என்று சொன்னால் தீர்த்துவைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இல்லை என்றால் விதிப்படி உடனே வெளியேற வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் குழந்தை போய்ச் சேருவது அந்தப் பின்னறைக்குத்தான். அப்போது மகள் மடியில் குழந்தை ஒரு முறை நடுங்கியது.

"கதவைச் சாத்தச் சொல்லுங்க" என்றார் செக்கர். "குழந்தை தூங்குது."

தலைவர் முகம் பிரகாசமானது. "அருமையான புகார்! கதவு குறித்து ஆராய ஒரு குழு அமைக்கப்படும். முடிவு வரும் வரை புகார்தாரர் இங்கேயே காத்திருக்கலாம்" என்று அறிவித்துவிட்டு, கேமராக்களோடு காரில் ஏறிப் போனார்.

"குழு எப்ப முடிக்குமாம்?" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"வெயில்காலம் ஆயிடும்" என்றார் எழுத்தர்.

கூடமே மகிழ்ச்சியில் சலசலத்தது. பேக்கரிக்காரர் செக்கரின் முதுகில் தட்டினார். வாசலில் காவலுக்கு நின்ற உணர்வு அலுவலர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார்.

"புகார் நிலுவையில இருக்கிறவரைக்கும் சம்பந்தப்பட்ட பொருள் இருந்த நிலையிலேயே இருக்கணும். கதவு இப்ப திறந்திருக்கு. அதனால குழு முடிவு சொல்ற வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாதுங்க."

காற்று அடித்தது. ஹீட்டர்கள் எரிந்து என்ன பயன், சூடெல்லாம் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. சால்வையின் நுனியை மகள் இழுத்து இழுத்துக் குழந்தையின் காலை மூடினாள்.

செக்கர் எழுந்தார். நாற்பது காசு டிக்கெட்டுக்காகக் கிழவரையும் கர்ப்பிணியையும்கூட விதியைக் காட்டி நடுவழியில் இறக்கிவிட்ட மனிதர் அவர். எழுதி வைத்த விதி எதையும் அன்று வரை மீறியதில்லை, மீறியவர்களை மன்னித்ததுமில்லை. நேராக நடந்துபோய்க் கதவின் இரண்டு பாதிகளையும் பிடித்து இழுத்துச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார்.

"அபராதம் எவ்வளவோ போட்டுக்குங்க" என்றார்.

அலுவலர் கதவின் உட்பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார். தாழ்ப்பாளைப் பார்த்தார். செக்கரைப் பார்த்தார். பிறகு மஃப்ளரை அவிழ்த்தார், கையுறைகளைக் கழற்றிப் பைக்குள் திணித்தார். விறைத்துப்போயிருந்த விரல்களை ஹீட்டர் பக்கம் நீட்டியபடி பெஞ்சுக்கு வந்தார்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க சார்" என்றார். "வெளியில குளிருது."